உயர் குருதியமுக்கமும் சிறுநீரக வடித்தலும்: ஓர் இயங்கியல் நோக்கு

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருந்தெருவில், அக்குறணையைக் கடந்ததும் எதிர்ப்படும் சிற்றூர் அலவத்துகொட. அங்கு எமது அயலில் வாழும் முதியவர் ஒருவர், நெடுங்காலம் சில்லறைக்கடை நடத்தி ஓய்ந்தவர், சில மாதங்களுக்கு முன் தமது கிளினிக் கொப்பியை எம்மிடம் நீட்டி ஒரு வினாவை எழுப்பினார். "ஒடம்புல ஒரு நோவும் இல்லயே சேர், எதுக்கு இந்தப் பிறசர் குளிசை?" கொப்பியில் குருதியமுக்க அளவுகளுக்குக் கீழே, சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. பிறசர் என்பது நெஞ்சோடும் தலையோடும் சம்பந்தப்பட்ட விடயம் என்றே அவர் கருதியிருந்தார். சிறுநீரகம் எங்கிருந்து வந்தது என்ற அவரது ஐயத்துக்கு அன்று எம்மிடம் ஒழுங்கான விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடியதன் பேறே இக்கட்டுரை.

இலக்கிய ஆய்வாளருக்கு உடற்றொழிலியலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினா பொருளற்றதாகிவிடும். மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன் (1822-1884) மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது, அறிவியலைச் சொல்லத்தக்க உரைநடை ஒன்றும் உடன்பிறந்தது. 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'மனுஷ சுகரணம்' முதலிய நூற்பெயர்களே அம்முயற்சியின் வீச்சைக் காட்டப் போதுமானவை. ஆயினும் அந்த மரபு இன்று உயர்தர வகுப்புப் பாடநூலோடு நின்றுவிடுகிறது. கலன்கோளம், சிறுநீரகத்தி என்னும் அழகிய சொற்கள் பரீட்சை மண்டபத்தைத் தாண்டிக் கிளினிக் வரிசையை எட்டுவதில்லை. அவற்றைச் சற்று வெளியே அழைத்து வருவது எமது நோக்கங்களுள் ஒன்று.

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் நிறையில் இருநூற்றில் ஒரு பங்குகூட வராதவை. எனினும் இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேற்பட்ட அளவு, அவற்றினூடாகப் பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் மயிர்த்துளைக்குழாய்கள் பின்னிய ஒரு சிறு பந்து, அதுவே கலன்கோளம். அதனை ஏந்தி நிற்கும் கிண்ணம் போமனின் உறை. வில்லியம் போமன் 1842ஆம் ஆண்டு இவ்வமைப்பை நுணுக்குக்காட்டியின்கீழ்த் தெளிவுபடுத்தினார். அதே காலத்தில் ஜேர்மனியிலே கார்ல் லுட்விக், இங்கு நடைபெறுவது மறைபொருளான உயிர்ச்சத்தியின் வேலையன்று, அமுக்கத்தால் நிகழும் வடித்தலே என வாதிட்டார். உயிர்த்தொழிலைப் பௌதிக விதிகளால் விளக்க முனைந்த ஒரு தலைமுறையின் குரல் அது.

அவ்வமுக்கக் கணக்கைச் சற்று நின்று பார்த்தல் தகும். கலன்கோளத்தினுள் குருதி ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துடன் திரவத்தை வெளியே தள்ளுகிறது. குருதியிலுள்ள புரதங்கள் 32 அளவில் அதனை உள்ளே இழுக்கின்றன. கிண்ணத்தில் ஏற்கெனவே உள்ள திரவம் 18 அளவில் எதிர்த்துத் தள்ளுகிறது. எஞ்சுவது 10 மாத்திரமே. இந்தப் பத்தின் பலத்திலேதான் நிமிடத்துக்கு 125 மில்லிலீற்றர், நாளொன்றுக்கு 180 லீற்றர் திரவம் வடிக்கப்படுகிறது. உடலிலுள்ள குருதித் திரவவிழையம் மூன்று லீற்றர் எனக் கொண்டால், அது முழுவதும் நாளொன்றுக்கு அறுபது முறை வடிக்கப்படுகிறது எனலாம். வடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைச் சிறுகுழாய்கள் மீள உறிஞ்சிக்கொள்கின்றன; ஒன்றரை லீற்றர் சிறுநீராக வெளியேறுகிறது.

இனி, இவ்வமைப்புக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி நாடியமுக்கம் 100இலிருந்து 125 ஆக உயர்கிறது. மாடிப்படி ஏறினாலோ கோபங்கொண்டாலோ உயரக்கூடிய அளவே அது. வடித்தலும் அதே விகிதத்தில் உயர்ந்தால் 180 லீற்றர் 225 லீற்றராகும். மீளுறிஞ்சல் மாறாதிருப்பின், அன்று வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லீற்றரன்று. நாற்பத்தாறு லீற்றருக்கு மேல். உடலிலுள்ள நீர் முழுவதும் ஒரே நாளில் வற்றிவிடும். உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. சராசரி நாடியமுக்கம் ஏறத்தாழ 80க்கும் 180க்கும் இடையில் எங்கு நின்றாலும் வடித்தலின் அளவு பெரிதும் மாறுவதில்லை. நரம்புத் தொடர்பை அறுத்துவிட்டாலும் சிறுநீரகம் இதனைத் தானே செய்துகொள்கிறது. இதனையே தன்னொழுங்காக்கம் என்பர்.

இது எவ்வாறு கைகூடுகிறது? இந்நாட்டவருக்கு விளக்க மிக உகந்த உவமை எமது பழைய குளங்களிலே உள்ளது. பெருங்குளத்தின் அடிமட்டத்தில் நீரின் அமுக்கம் அணைக்கட்டையே பெயர்க்க வல்லது. அதனை வயலுக்கு அளவோடு விடுவதற்கு, அணைக்கட்டினுள் சதுரக் கிணறு போன்ற ஓர் அமைப்பைப் பண்டைய வினைஞர் கட்டினர். சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பர். இது நீரின் வேகத்தைத் தணித்து வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவியே என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் எடுத்துக்காட்டினார். கலன்கோளத்துக்கும் இத்தகைய கதவுகள் உண்டு; ஒன்றன்று, இரண்டு. குருதியை உள்ளே கொணரும் உட்காவு புன்னாடி ஒன்று. வெளியே கொண்டுசெல்லும் வெளிக்காவு புன்னாடி மற்றையது. உடலின் பிற பகுதிகளில் மயிர்த்துளைக்குழாய்களிலிருந்து வெளியேறும் குருதி நாளத்தை அடையும். இங்கோ அது மீண்டும் ஒரு நாடியையே அடைகிறது. முன்கதவு ஒடுங்கினால் உள்ளமுக்கம் குறையும். பின்கதவு ஒடுங்கினால் உள்ளமுக்கம் கூடும். இந்த இரண்டு வாக்கியங்களையும் மனத்திற்கொண்டால், இக்கட்டுரையில் இனி வரும் யாவும் விளங்கிவிடும்.

முன்கதவை இயக்குவன இரண்டு பொறிமுறைகள். முதலாவது, புன்னாடிச் சுவரிலுள்ள தசையின் இயல்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பேலிஸ் 1902ஆம் ஆண்டு விளக்கியவாறு, அமுக்கத்தால் இழுபடும் குருதிக்கலன் தளர்ந்துகொடுப்பதில்லை, எதிர்த்துச் சுருங்குகிறது. சுவர் விரியும்போது தசைக்கலங்களின் மென்சவ்வு வாயில்கள் திறக்கின்றன, கல்சியம் உட்புகுகிறது, தசை இறுகுகிறது. சில செக்கன்களுள் இது முடிந்துவிடும். குளத்துக் கதவுக்குக் காவற்காரன் வேண்டும்; இக்கதவுக்கு நீரின் தள்ளுகையே கட்டளை.

இரண்டாவது பொறிமுறை சற்று மெதுவானது. எமது கருத்தில் கூடிய வியப்புக்குரியது. ஒவ்வொரு சிறுநீரகத்தியின் குழாயும் வளைந்து, ஹென்லேயின் தடமாகக் கீழிறங்கி, மேலேறி, தான் புறப்பட்ட அதே கலன்கோளத்தின் வாசலைத் தொட்டுச் செல்கிறது. தொடும் இடத்தில் நெருங்கி அடுக்கப்பட்ட சில கலங்கள் உள்ளன. இலத்தீன் மொழியில் 'மக்குலா டென்சா', அடர்ந்த புள்ளி, எனப்படுவது இதுவே. அமுக்கம் உயர்ந்து வடித்தல் கூடினால், திரவம் குழாயினூடே விரைந்தோடும். வழியில் உப்பை மீள உறிஞ்சப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே அடர்ந்த புள்ளியை அடையும் சோடியமும் குளோரைட்டும் மிகும். அக்கலங்கள் அம்மிகுதியை உணர்ந்து வெளியிடும் இரசாயனச் செய்தி, முக்கியமாக அடினோசின், அருகிலுள்ள முன்கதவை ஒடுங்கச் செய்கிறது. வடித்தல் பழைய அளவுக்கு இறங்குகிறது. விளைவே காரணத்தைச் சென்று திருத்தும் இப்பின்னூட்டலை 1960களில் ஜேர்மானியரான குளவுஸ் தூறவ் முதலானோர் கோட்பாடாக வகுத்தனர்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்ரர் கனன், உடலின் ஒருசீர்த்திடநிலை பற்றி 1932ஆம் ஆண்டு எழுதிய நூலின் முடிவிலே, சமுதாயமும் அவ்வாறே தன்னைச் சீர்செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இடமளித்தார். சமுதாயத்தை உடலாகக் காணும் உவமை மிகப் பழையது. உரோமப் பொதுமக்கள் கிளர்ந்தெழுந்தபோது, வயிறு பற்றிய கதையைச் சொல்லி அவர்களை அடக்கிய அக்கிரிப்பாவை மார்க்ஸ் 1865இல் தொழிலாளர் சங்கத்தின் முன் ஆற்றிய உரையிலே எள்ளிநகையாடியமை நினைவுகூரத்தக்கது. ஆதலின் சிறுநீரகத்திலிருந்து சமுதாய விதி எதனையும் நாம் இங்கு வருவிக்க முற்படவில்லை. நாம் கூறவருவது வேறு. உடலின் ஒழுங்காக்கம் சமநிலைக் கோட்பாடல்ல. அது முரண்பாட்டின் இயக்கம். எந்தக் காப்பு உடலைக் காக்கிறதோ, அதே காப்பு நீடித்த அமுக்கத்தின்கீழ் அழிவின் வழியாகவும் மாறுகிறது.

இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளப் பின்கதவின் கதையும் வேண்டும். 1898இல் ஸ்ரொக்கோமில் ரீகெர்ஸ்ரெட், பேர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றிலே குருதியமுக்கத்தை உயர்த்தும் பொருளொன்று உண்டெனக் கண்டு, அதற்கு இரெனின் எனப் பெயரிட்டனர். நெடுங்காலம் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1934இல் ஹரி கோல்ட்பிளாற் நாயின் சிறுநீரக நாடியைக் கவ்வியால் ஒடுக்கியபோது உடல் முழுவதும் குருதியமுக்கம் உயர்ந்தது. தனக்கு வரும் குருதி குறைந்ததெனச் சிறுநீரகம் உணர்ந்தால், முழு உடலின் அமுக்கத்தையும் உயர்த்தி அதனை ஈடுசெய்ய முயல்கிறது என்பது அதனாற் பெறப்பட்டது. இரெனினால் விளையும் பொருளை ஆர்ஜென்ரீனாவிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்து, 'ஹைப்பர்ரென்சின்' என்றும் 'அஞ்சியோரொனின்' என்றும் வெவ்வேறு பெயரிட்டு வழங்கினர். 1958இல் இரண்டையும் பாதி பாதியாக இணைத்து 'அஞ்சியோரென்சின்' என்று வைத்துச் சமரசம் கண்டனர். கலைச்சொல்லாக்கத்தில் நாம் படும் பாட்டை எண்ணுமிடத்து இச்சம்பவம் ஆறுதல் தருவது.

இந்த அஞ்சியோரென்சின் பின்கதவைச் சிறப்பாக ஒடுக்க வல்லது. வயிற்றோட்டத்தாலோ குருதியிழப்பாலோ அமுக்கம் வீழும்போது இரெனின் சுரக்கிறது, பின்கதவு ஒடுங்குகிறது, குருதியோட்டம் குறைந்தும் உள்ளமுக்கம் தாங்கப்படுகிறது, வடித்தல் நின்றுவிடாமற் காக்கப்படுகிறது. அத்துடன் உடல் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கிறது. வரட்சிக்கு இதைவிடச் சிறந்த காப்பு இல்லை.

ஆனால் வடித்தலை நிலையாக வைத்திருந்தாற் போதுமா? உண்ட உப்பு வெளியேற வேண்டுமே. வடித்தல் பெரிதும் மாறாதிருக்கையிலும், அமுக்கம் உயரும்போது சிறுகுழாய்கள் மீள உறிஞ்சும் உப்பைக் குறைத்துக்கொள்கின்றன; கூடிய உப்பும் நீரும் வெளியேறி அமுக்கம் தாழ்கிறது. நெடுங்காலக் குருதியமுக்கத்தைத் தீர்மானிப்பது இதயமன்று, இந்த உப்புக் கணக்கே என ஆதர் கைற்றன் வற்புறுத்தினார். உயர் குருதியமுக்கமுடையவரின் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் இல்லை. அதே அளவு உப்பை வெளியேற்ற அதற்குக் கூடிய அமுக்கம் தேவைப்படுகிறது. அவ்வகையில் உயர் குருதியமுக்கம், உப்புச் சமநிலைக்காக உடல் கொடுக்கும் விலை. இதற்கு மனிதரிலேயே ஒரு சான்று 1983இல் வெளியாயிற்று. குருதியமுக்கத்தாற் சிறுநீரகம் செயலிழந்த ஆறு நோயாளருக்கு, அந்நோயற்றோரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டபின், அவர்களது குருதியமுக்கமும் இயல்புநிலை அடைந்தது. சிறுநீரகம் இந்நோயின் பலியாள் மட்டுமன்று, பங்காளியுங்கூட. 1827இலும் 1836இலும் சுருங்கிய சிறுநீரகத்தையும் பருத்த இதயத்தையும் பிணப் பரிசோதனையில் ஒருங்கே கண்ட றிச்சட் பிறைற்றுக்கு, எது முன், எது பின் என்பது புதிராயிருந்தது. குருதியமுக்கத்தை அளக்கும் கருவி நடைமுறைக்கு வராத காலம் அது. இரண்டும் ஒன்றையொன்று பிறப்பிப்பன என இன்று கூறலாம்.

அமுக்கம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே நிற்கும்போது முன்கதவுக்கு நேர்வது என்ன? ஓயாது இறுகி நிற்கும் சுவர் தடிக்கிறது. தன்னொழுங்காக்கத்தின் எல்லைகள் மேல்நோக்கி நகர்கின்றன. அதாவது உயர்ந்த அமுக்கத்தைத் தாங்கும் திறன் வளர்கிறது. இது வெற்றிபோலத் தோன்றும். ஆனால் தடித்த சுவரின் உட்துவாரம் ஒடுங்க, பல கலன்கோளங்கள் குருதியின்றி வாடிச் சாகின்றன. வேறு சிலரில், குறிப்பாக நீரிழிவும் உடனிருப்போரில், முன்கதவு இறுகும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அப்போது நாடியின் அமுக்கம் தடையின்றிக் கலன்கோளத்தினுள் பாய்கிறது. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைவீதியில் ஏறுவதைக் கண்டவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வடி சிதைந்து, வெளியேறக்கூடாத புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. காலப்போக்கில் அக்கலன்கோளம் தழும்பாக இறுகிவிடுகிறது.

இறந்த சிறுநீரகத்திகளின் வேலையை எஞ்சியவை ஏற்கின்றன. அவற்றின் முன்கதவு விரிகிறது, உள்ளமுக்கம் கூடுகிறது, ஒவ்வொன்றும் இயல்பைவிட மிகுதியாக வடிக்கிறது. 1980களின் தொடக்கத்தில் பாரி பிறெனரும் அவரது கூட்டாளரும் எடுத்துக்காட்டியது இதன் மறுபக்கத்தை: அம்மிகை வடித்தலே எஞ்சியவற்றையும் கொல்கிறது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் கட்டம் இது. எமது அயலவரின் வினாவுக்கு விடையும் இங்கேதான் உள்ளது. எஞ்சியவை மிகையாக உழைப்பதனால், குருதியிலுள்ள கிரியேற்றினின் அளவு நெடுங்காலம் வழமைபோலவே காணப்படும். வடிக்கும் ஆற்றலிற் பாதி அழிந்தபின்னரே அது தெளிவாக உயரத் தொடங்கும். நோவு எதுவும் இல்லை என்பது நோய் இல்லை என்பதன் சான்றன்று. எஞ்சியவை இன்னும் ஈடுகொடுக்கின்றன என்பதன் சான்று மாத்திரமே. சிறுநீரில் புரதம் உள்ளதா என்ற எளிய பரிசோதனை, கிரியேற்றினினுக்கு முன்னரே உண்மையைச் சொல்லிவிடக்கூடியது.

சிகிச்சையின் தருக்கமும் இதனைத் தழுவியதே. அமுக்கத்தைக் குறைப்பது முதற்படி. அதற்கு மேலாக, பின்கதவைத் தளர்த்தினால் கலன்கோளத்தின் உள்ளமுக்கமே தணியும். அதற்கு வழிகாட்டியது ஒரு பாம்பின் நஞ்சு. பிறேசிலின் குழிவிரியன் ஒன்றின் நஞ்சிலே சேர்ஜியோ பெரெய்ரா 1965இல் விவரித்த பொருள், அஞ்சியோரென்சின் உருவாவதைத் தடுக்க வல்லதென்று பின்னர் தெரியவந்தது. அதன் அடியாக அமெரிக்க நிறுவனமொன்று கப்ரோப்பிறில் என்னும் மருந்தை ஆக்கி 1981இல் சந்தைக்குக் கொணர்ந்தது. எமது கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது. அதன் தூரத்து உறவினனின் நஞ்சோ சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தாயிற்று. இவ்வகை மருந்தைத் தொடங்கியதும் வடித்தல் சற்றுக் குறையும். கிரியேற்றினின் சிறிது உயரும். அது பெரும்பாலும் கேடன்று, மிகையுழைப்புக் குறைந்ததன் அறிகுறி. அளவுமீறி உயருமாயின் வைத்தியர் வேறு காரணத்தைத் தேடுவார்.

மூன்றாம் உலக நாடொன்றின் ஆய்வுகூடத்தில் முளைத்த அறிவு, காப்புரிமை பெற்ற பண்டமாக அதே நாடுகளுக்குத் திரும்பிவருவது புதிய கதையன்று. அதனை இந்நாட்டில் முன்கூட்டியே உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியராகவும் பேராதனை மருத்துவ பீடாதிபதியாகவும் விளங்கிய அவர், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கையின் சாரம், மருந்தை வணிகப் பெயரால் அன்றி மூலப் பெயரால் வாங்க வேண்டும், எழுத வேண்டும் என்பதே. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அதன் வழிப் பிறந்தது. 1977இல் கயானாவில் அவர் இறந்தார். அவர் கோரிய கட்டுப்பாட்டை ஒத்த சட்டம் 2015இலேதான் நிறைவேறிற்று. வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்ணவேண்டிய குளிசையைப் பொறுத்தவரை, பெயரும் விலையும் உடற்றொழிலியலுக்குப் புறம்பான விடயங்கள் அல்ல. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது மருந்துக்காகக் கடைகடையாக அலைந்தோருக்கு இது நன்கு தெரியும்.

இன்னொன்றையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். முன்கதவைத் திறந்துவைப்பதற்குச் சிறுநீரகம் புறொஸ்ரகிலண்டின் என்னும் பொருளை நம்பியுள்ளது. குருதியோட்டம் குறையும் வேளைகளில் இந்நம்பிக்கை மேலும் கூடுகிறது. முழங்கால் நோவுக்கும் முதுகு நோவுக்கும் பலர் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினக், இபூபுறோபன் போன்றவை அப்பொருளின் ஆக்கத்தையே தடுக்கின்றன. முன்கதவு ஒடுங்குகிறது. பிறசர் குளிசை ஏற்கெனவே பின்கதவைத் தளர்த்தியிருப்பின், உள்ளமுக்கம் இரு பக்கத்தாலும் சரிகிறது. வெயிலிலே மூட்டை சுமந்தோ கொழுந்து பறித்தோ உடல் நீர் வற்றியவருக்கு இது ஆபத்தானது. உழைப்பால் வரும் நோவைத் தணிக்க உண்ணும் குளிசை உழைப்பாளியின் சிறுநீரகத்தையே தாக்குகிறது. எனினும் வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் விவசாயிகளிடையே காணப்படும், காரணம் தீர்மானிக்கப்படாத சிறுநீரக நோயை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அங்கு முதலிற் பழுதுறுவது சிறுகுழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இழையமுமே; தொடக்கத்தில் குருதியமுக்கம் பெரும்பாலும் உயர்ந்திருப்பதில்லை.

இவற்றையெல்லாம் குளக்கதவு, வாசற்கதவு என்று சொல்லி அயலவருக்கு விளக்க எமக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. உப்பைக் குறைப்பது பற்றி அவர் அதிகம் வாதிடவில்லை. கருவாட்டைப் பற்றி மட்டும் வாதிட்டார். முழங்காலுக்கென்று தாம் மாதக்கணக்கில் வாங்கி உண்ட குளிசையின் வெற்றுத்தாளை மேசை இலாச்சியிலிருந்து எடுத்துவந்து, அதிலுள்ள மூலப் பெயரை எம்மைக்கொண்டு உரத்து வாசிப்பித்தார். பின்னர் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், அடுத்த தடவை வைத்தியரிடம் கேட்பதற்கென்று இரண்டு வினாக்களைத் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். ஒன்று, அந்தக் குளிசையைப் பற்றியது. மற்றையது: மூத்திரத்தில் புரதம் பார்த்தாகிவிட்டதா?